வாய் திறக்குமா, கால் தாங்குமா: டிஜிட்டல் சிற்பத்தில் என் முதல் விலங்கு

கற்பனை விலங்கு ஒன்றைச் செதுக்க உட்கார்ந்தால் கை முதலில் ஓடுவது கொம்புக்கும் செதிலுக்கும்தான். இந்தப் பதிவில் செதில் கடைசியில்தான் வரும், கொம்பு வரவே வராது. நான் செதுக்கியது சேற்றுக்குள் பதுங்கிக் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வும் ஒரு நாலுகால் விலங்கு. உலகத்தில் இல்லாதது. ஆனால் பார்க்கிறவருக்கு ஒரு நொடியாவது 'இது இப்போது நகரப்போகிறது' என்று தோன்ற வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக வேலை முழுவதிலும் இரண்டே கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதன் வாய் திறக்குமா? இதன் கால் இந்த உடம்பைத் தாங்குமா? புதிதாகப் பழகுகிறவருக்கு மென்பொருளில் செதுக்க உதவும் எந்த பிரஷ்ஷையும் விட இந்தக் கேள்விகள்தான் அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் தாள்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதினேன்: எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எப்படி நகர்கிறது. பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் குவியே (1769–1832), ஒரு விலங்கின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று வாதிட்டவர். இறைச்சி தின்னும் பல் இருந்தால் அதற்கேற்ற தாடையும் நகமும் குடலும் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. புதைபடிவ எலும்புகளைப் படிக்க அவர் பயன்படுத்திய இந்த யோசனை, இல்லாத விலங்கை உருவாக்குகிறவருக்கும் கைகொடுக்கிறது. அது எப்படிப் பிழைக்கிறது என்று முடிவு செய்துவிட்டால், உடம்பின் பாதி வடிவம் தானாக வந்து சேர்கிறது.

சேற்றில் மூழ்கிக் கிடக்கும் விலங்கு என்றால் கண்ணும் மூக்குத் துளையும் தலையின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். முதலை, நீர்யானை, தவளை மூன்றும் உறவுமுறையில் வெகுதூரம் தள்ளி நிற்பவை. ஆனாலும் மூன்றுக்கும் கண் மேலே ஏறித்தான் இருக்கிறது. அடுத்து கால். உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி நிற்காமல், பல்லியைப் போலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள் என்று முடிவெடுத்தேன். இந்த ஒரு முடிவு வேறு பலவற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கால் பரப்பி நடக்கும் விலங்கின் முதுகெலும்பு இடமும் வலமுமாக வளையும். பாய்ந்தோடும் பாலூட்டியின் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையும். முதலையின் வால் பக்கவாட்டில் சப்பையாகவும், பாலூட்டியான திமிங்கலத்தின் வால் துடுப்பு படுக்கைவாட்டிலும் இருப்பது இதனால்தான். ஆக, என் விலங்கின் வால் உயரமாக, பக்கத்தில் ஒடுங்கியதாக இருந்தாக வேண்டும். தோல் மடிப்புகள் வயிற்றுக்குக் குறுக்கே போவதைவிட விலாவில்தான் அதிகம் விழ வேண்டும். இவ்வளவும் பேனாவும் தாளுமாக இருந்தபோதே தெரிந்துவிட்டது.

பார்த்துச் செய்ய மாதிரிகள் வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் தன் சேகரிப்பிலிருந்து லட்சக்கணக்கான படங்களையும் முப்பரிமாண ஸ்கேன்களையும் 2020-இல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடிகிறது என்பது பெரிய வசதி. மற்றவர்கள் செய்த கற்பனை விலங்குகளை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தேன். அவற்றைப் பார்த்துச் செய்தால் அவர்கள் எடுத்த முடிவுகள்தான் நம் கைக்கு வரும், முடிவுக்கான காரணம் வராது. என் பலகையில் இருந்தவை மண்டையோடுகளும், நிஜ விலங்குகள் நடக்கும்போதும் படுக்கும்போதும் எடுத்த படங்களும் மட்டுமே.

கருவி

நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். இலவசம், செதுக்குவதற்குத் தனிப் பகுதியே அதில் இருக்கிறது. இந்தத் துறையில் வேரூன்றியது 1999-இல் வெளிவந்த ஸீபிரஷ். டேப்லெட்டில் செதுக்க விரும்புகிறவர்களுக்கு நோமேட் ஸ்கல்ப்ட் இருக்கிறது. எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான், எது கையில் இருக்கிறதோ அதில் தொடங்கலாம்.

பேனா டேப்லெட் மட்டும் அவசியம் என்பேன். மவுஸில் இழுப்பதும் தள்ளுவதும் நடக்கும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கவும் மெலியவும் வேண்டிய கோடு மவுஸில் ஒரே சீராக வந்து நிற்கும். சின்ன, பழைய டேப்லெட்டே போதும்.

பிரஷ்களின் பட்டியல் நீளமானது. நான் புழங்கியது ஒரு கைக்குள் அடங்கும். உருவத்தை இழுத்து மாற்ற கிராப், சதை ஏற்ற கிளே ஸ்ட்ரிப்ஸ், கோடு கீற கிரீஸ், கால் வால் நீட்ட ஸ்நேக் ஹுக், தட்டையாக்க ஸ்க்ரேப். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு தீட்டினால் மழமழப்பாகும், கன்ட்ரோலை அழுத்தினால் ஏற்றுவது குழியாகும். எஃப் விசை பிரஷ்ஷின் அளவை மாற்றும், ஷிஃப்ட்டோடு சேர்த்தால் வலுவை மாற்றும். இந்த விசைகள் விரலுக்குப் பழகிவிட்டால் கண் திரையை விட்டு நகராது. மெனுவைத் தேடிப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உருவத்தின் மேலிருக்கும் கவனம் கொஞ்சம் கலைகிறது.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. செதுக்க எடுத்த உருண்டையை முட்டையாக நீட்டியிருந்தால், கன்ட்ரோலையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தி அதன் ஸ்கேலை, அதாவது நீட்டிய அளவை, நிலைப்படுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பிரஷ்ஷும் ஒரு பக்கம் நீண்டே வேலை செய்யும், தோலைப் புதிதாகக் கட்டங்களாக்கும் ரீமெஷ்ஷின் கட்டங்களும் நீண்டு போகும். கை சரியாக இருந்தும் கோடு கோணலாக வருகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உருண்டைகளிலிருந்து உடம்பு

விலா எலும்புக் கூட்டுக்கு ஒரு பெரிய முட்டை, இடுப்புக்கு ஒரு சின்ன முட்டை, தலைக்கு ஒன்று, கால்களுக்கு உருளைகள். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்து, ஒரே பொருளாக இணைத்து, வோக்ஸல் ரீமெஷ் கொடுத்தேன். கன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் போதும். உள்ளே குறுக்கிட்டுக் கிடக்கும் சுவர்கள் மறைந்து முழுவதும் ஒரே தோலாகிவிடும். வோக்ஸல் அளவு என்பது அந்தத் தோலின் கட்டம் எவ்வளவு பெரிது என்பது. அதைப் பாதியாகக் குறைத்தால் பாலிகன்கள், அதாவது தோலை ஆக்கும் சின்னத் தட்டைத் துண்டுகள், ஏறக்குறைய நாலு மடங்காகும். நான் அதைப் பெரிதாகவே வைத்துக்கொண்டேன், கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு.

கட்டம் பெரிதாக இருந்தால் நுணுக்கம் செய்யவே முடியாது என்பதுதான் இதன் நன்மை. சுருக்கம் கீற ஆசைப்பட்டாலும் அந்தக் கட்டத் தோல், அதாவது மெஷ், இடம் கொடுக்காது. கழுத்து நீளம் சரியா, தலை உடம்புக்கு ஏற்ற அளவா, வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவற்றை மட்டுமே பார்க்க வேண்டியிருக்கும். கிராப் பிரஷ்ஷைப் பெரிதாக்கி, தலை முழுவதையும் ஒரே இழுப்பில் முன்னே தள்ளலாம். பாலிகன்கள் லட்சக்கணக்கில் ஏறிய பிறகு அதே இழுப்பு மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடு பள்ளங்களை விட்டுச் செல்லும், அவற்றைத் தேய்த்துத் தேய்த்தே பொழுது போய்விடும்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி செய்தது, ஒளியமைப்பை அணைத்துவிட்டு விலங்கை ஒற்றைக் கறுப்பு நிறத்தில் பார்ப்பது. உள்ளே இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் மறைந்து வெளிவிளிம்பு மட்டும் நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் என் விலங்கு வெறும் முதலையாகத்தான் தெரிந்தது. தோளை உயர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி, தலையை அகலமாக்கிக் குட்டையாக்கிய பிறகுதான் தனக்கென்று ஒரு உருவம் வந்தது. உயர்ந்த தோளுக்கும் காரணம் வைத்திருந்தேன். சேற்றிலிருந்து முன்பக்கத்தை எக்கித் தூக்க முன்னங்காலுக்குத்தான் தசை அதிகம் வேண்டும்.

கேமராவின் குவியத் தூரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளெண்டரின் பார்வை 50 மில்லிமீட்டரில் இருக்கும். கிட்டே போய்ச் செதுக்கும்போது மூக்கு பெரிதாகவும் பின்தலை சிறிதாகவும் தெரியும், கை தன்னையறியாமல் அதை ஈடுகட்டி மூக்கைச் சிறிதாக்கிவிடும். தலைக்கு வேலை செய்யும்போது 85 அல்லது 100-க்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தலை

அதிக நேரம் இங்கேதான் போனது, போகவும் வேண்டும். மூக்கும் முழியுமாக ஒரு முகம் வருவதற்கு முன் மண்டையோடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்குழி எங்கே, தாடை எலும்பு எங்கே கீல் போட்டிருக்கிறது, கன்ன எலும்பின் விளிம்பு எங்கே ஓடுகிறது. முதலையின் தாடைக் கீல் கண்ணுக்கு வெகுதூரம் பின்னால், மண்டையோட்டின் கடைக்கோடியில் இருக்கிறது. அதனால்தான் அதன் வாய் அவ்வளவு அகலமாகப் பிளக்கிறது. கீலைக் கண்ணுக்கு நேர் கீழே வைத்துவிட்டு, வாயின் கோட்டை மட்டும் காது வரை இழுத்தால் அந்த வாய் திறக்காது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

கீலுக்கு அடுத்தபடி தசை. முதலைக்கு வாயை மூடும் தசை மிகப் பெரிது, திறக்கும் தசை மெலிது. தாடையின் பின்கோடியில், கீழ்ப்பக்கமாகப் பருத்துத் தெரியும் வீக்கம் அந்த மூடும் தசைதான். கவ்விப் பிடிக்கும் விலங்கு என்று தாளில் எழுதியிருந்ததால் இந்த வீக்கத்தைத் தாராளமாகவே கொடுத்தேன். கிளே ஸ்ட்ரிப்ஸில் தசை ஓடும் திசையிலேயே பட்டை பட்டையாக ஏற்றி, விளிம்பை மட்டும் மழமழப்பாக்கினேன். முழுவதையும் தேய்த்துவிட்டால் உருவம் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். எலும்பு தோலுக்கு அருகில் வரும் இடம் கூர்மையாக நிற்கட்டும், தசை இருக்கும் இடம் உருளட்டும். இந்த வித்தியாசம் இருந்தால் போதும், நுணுக்கம் எதுவும் இல்லாமலேயே தலைக்கு உயிர் வருகிறது.

வாயைத் தொடக்கம் முதலே திறந்து வைத்திருந்தேன். இதற்கு மென்பொருளிலும் ஒரு காரணம் உண்டு. இரண்டு உதடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வோக்ஸல் அளவைவிடக் குறைவாக இருந்தால், ரீமெஷ் கொடுத்ததும் மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிக்கொள்ளும். மூடிய வாயோடு தொடங்கி இப்படித் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருப்பதைவிட, திறந்த வாயைச் செதுக்கிவிட்டு மூடிப் பார்ப்பது எளிது. மண்டையோட்டுப் பகுதி நகராதபடி அதற்கு மாஸ்க் தீட்டிவிட்டு, சுழற்சியின் மையத்தைக் கீல் இருக்கும் இடத்தில் வைத்து, கீழ்த்தாடையைச் சுழற்றலாம். மூடும்போது கன்னத்துச் சதை எங்கே இடிக்கிறது, எந்த உதடு எதன் மேல் உட்காருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு அப்புறம் கன்ட்ரோலும் இஸட்டும் அழுத்தித் திரும்பலாம். வேலை நடந்த நாட்கள் முழுவதும் இந்த வாயை மூடித் திறந்துகொண்டே இருந்தேன்.

கண்ணைத் தனி உருண்டையாக வைத்தேன், உடம்போடு இணைக்கவில்லை. கண் என்பது ஒரு கோளம், இமை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும் தடித்த தோல். தோலின் மேல் கோடு போட்டுக் கண் வரைந்தால் தட்டையாகத்தான் இருக்கும். உருண்டையை முதலில் குழிக்குள் வைத்து, அதன் மேல் மேல் இமையையும் கீழ் இமையையும் ஏற்றி, இமையின் விளிம்புக்குத் தடிப்புக் கொடுத்தால் நிழல் சரியாக விழும். மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மறைத்தால் பார்வைக்கு எடை வருகிறது. கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் விலங்கு திடுக்கிட்டதைப் போல இருக்கும். கண்மணியைச் செங்குத்துக் கீற்றாக வைத்தேன். தரையோடு தரையாகப் பதுங்கி, பகலிலும் இரவிலும் வேட்டையாடும் விலங்குகளிடம் இந்த வகைக் கண்மணி அதிகம் என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என் விலங்கின் வாழ்க்கைக்கும் அது சரியாகப் பொருந்துகிறது.

கால்

விலங்குக் காலில் புதியவர்களைக் குழப்புவது குதிகால். நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கும் முழங்கால் என்று தோன்றுவது உண்மையில் குதிகால். நாய் விரல்களால் நடக்கிறது, குதிரை குளம்பால், அதாவது விரல் நுனியால் நடக்கிறது. கரடி நம்மைப் போல உள்ளங்கால் பதித்து நடக்கிறது. எலும்புகளின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றுதான், நீளங்கள்தான் மாறுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் எந்தக் காலையும் அமைக்கலாம்.

சேற்றில் நிற்கும் கனமான உடம்புக்குப் பரந்த பாதம்தான் சரி என்பதால் கரடி வழியை எடுத்தேன். கால்கள் பக்கவாட்டில் விரிவதால் மேல்கை எலும்பு ஏறக்குறையத் தரைக்கு இணையாக வெளியே வருகிறது, முழங்கையிலிருந்து கீழே இறங்குகிறது. எடை முழுவதும் அந்தக் கோணத்தில் தொங்குவதால் மார்புத் தசை பெரிதாக இருந்தாக வேண்டும். மேலிருந்து பார்த்தபோது மார்பு ஒல்லியாகத் தெரிந்தது, தோள்களுக்கு இடையே அகலத்தைக் கூட்டினேன். முன்னே ஐந்து விரல், பின்னே நாலு. முதலைக்கும் இதே கணக்குதான்.

விரல்களுக்கு இடையில் சவ்வு வைத்தபோது ரீமெஷ் அதைத் தின்றுவிட்டது. வோக்ஸலைவிட மெலிந்த எதுவும் ஓட்டையாகிவிடும். காது மடல், இறக்கைத் தோல், துடுப்பு என்று மெலிதான எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சவ்வைத் தடிப்பாகவே விட்டுவைத்து, ரீமெஷ் தேவைப்படாத கடைசிக் கட்டத்தில் மெலிதாக்கினேன்.

போஸ் பிரஷ்ஷை நகரவைப்பதற்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம், சோதிப்பதற்கும் அது அருமையானது. ஒரு காலைப் பிடித்து இழுத்தால் மூட்டு இருக்கும் இடத்தைத் தானே ஊகித்து அதிலிருந்து சுழற்றும். முன்னங்காலை ஒரு எட்டு எடுத்துவைக்கும் நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அக்குளில் தோல் போதாமல் இழுபட்டது, அங்கே தோலைச் சேர்த்தேன். முழங்கை விலாவில் முட்டியது, விலாவை ஒடுக்கினேன்.

கட்டம் மாற்றுதல்

உருவம் பிடிபட்ட பிறகு வோக்ஸலை விட்டு விலகினேன். குவாட்ரிஃப்ளோ ரீமெஷ் மூலம் ஏறக்குறைய 8,000 நாற்கரங்கள் கொண்ட சீரான மெஷ் ஒன்றை எடுத்து, கட்டங்களைப் படிப்படியாகப் பொடியாக்கும் மல்டிரெஸ்ஸை அதன் மேல் போட்டேன். ஒவ்வொரு படிக்கும் நாலு மடங்கு: 8,000 என்பது 32,000, அப்புறம் 1,28,000, 5,12,000, 20 லட்சத்துக்கு மேல் என்று ஏறும். ஐந்தாம் படிக்குப் போனால் 80 லட்சத்தைத் தாண்டும். கணினி எந்தப் படியில் தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி கீழே நின்றுகொள்ளலாம். எனக்கு நாலாவது படியே போதுமாக இருந்தது. ஷ்ரிங்க்ராப் கொடுத்ததும் புதிய மெஷ் பழைய உருவத்தின் மேல் படிந்துவிட்டது.

மல்டிரெஸ்ஸின் அருமை, கீழ்ப்படிக்கு இறங்கி உருவத்தை மாற்றினாலும் மேல்படியின் நுணுக்கம் கூடவே நகர்ந்து வருவது. இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலச் செதுக்கும் சிமெட்ரியை இங்கே அணைத்தேன். இறங்கி, ஒரு பக்கக் கண் புருவத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, தாடையை ஒரு நூல் சாய்த்து, வாலை வளைத்தேன். இடமும் வலமும் கச்சிதமாக ஒன்றாக இருக்கும் முகம் உயிருள்ளவற்றிடம் இல்லை.

இதை அசைவுப் படத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கண்ணையும் வாயையும் சுற்றி வளையங்கள் ஓடும்படி மெஷ்ஷைக் கையாலேயே அமைக்க வேண்டும். அசையாத சிற்பத்துக்கு அந்த உழைப்பு தேவையில்லை.

தோல், பல், நாக்கு

செதிலுக்கு வந்தாயிற்று. உடம்பு முழுவதும் ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டே போவதுதான் எல்லோரும் முதலில் நினைக்கும் வழி. நிஜத் தோல் அப்படி இல்லை. மூட்டு மடங்கும் இடத்தில் செதில் பொடியாக இருக்கும், முதுகில் பெரிதாக இருக்கும், முதலைக்கு முதுகுச் செதிலின் அடியில் எலும்புத் தகடே இருக்கும். இன்னும் ஒன்று தெரிந்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதலையின் தலையில் இருப்பவை தனித்தனியாக முளைத்த செதில்களே அல்ல, வளரும்போது இறுகிய தோல் வெடித்து உண்டான விரிசல்கள் என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது; வெடிப்பு அல்ல, வேகமாக வளரும் தோல் மடிந்து உண்டான விரிசல் போன்ற கோடுகள் என்று 2024-இல் வந்த ஆய்வு அதைத் திருத்தியது. அதனால்தான் இடது முகத்தின் கோலமும் வலது முகத்தின் கோலமும் ஒத்துப்போவதில்லை. உடனே தலைக்கான முத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிரீஸ் பிரஷ்ஷால் விரிசல்களைக் கையாலேயே கீறினேன். எலும்பு மேலெழும் இடங்களில் நெருக்கமாக, கன்னத்தில் அகலமாக. கைவேலையாக இருந்ததால் இரண்டு பக்கமும் தானாகவே வேறு வேறாக அமைந்தன.

உடம்புக்கு மட்டும் முத்திரை. அதுவும் முதுகெலும்பின் ஓட்டத்தை ஒட்டி வரிசை பிடித்து, விலாவுக்கு இறங்கும்போது அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். மடிப்புகளை அசைவு நடக்கும் திசைக்குக் குறுக்கே போட்டேன். முதுகு பக்கவாட்டில் வளைவதால் விலாவின் மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. கழுத்துப் பகுதியைப் பாதி வெறுமையாகவே விட்டேன். கண்ணுக்கு ஓய்வெடுக்க இடம் இல்லையென்றால் தலையின் விரிசல்கள் எடுபடாது.

பல்லில் ஒன்றை மட்டும் கூம்பாகச் செய்து நகல் எடுத்தேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் நட்டுவைக்கவில்லை. முதலையின் பல் வரிசை ஏறி இறங்கும், விழுந்த பல்லுக்குப் பதில் புதுப் பல் வாழ்நாள் முழுவதும் முளைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நடுநடுவே பாதி வளர்ந்த பல்லும் இருக்கலாம், இடைவெளியும் இருக்கலாம். முதலை வாயை மூடினாலும் கீழ்வரிசையின் நாலாவது பல் வெளியே தெரியும், அதன் உறவான அலிகேட்டருக்கு அது மேல்தாடைக்குள் மறைந்துவிடும். நான் முதலையின் வழியை எடுத்து, அந்தப் பல் உட்கார மேல் உதட்டில் ஒரு பள்ளம் வெட்டினேன். வாயை மூடிச் சோதித்தபோது பல் அந்தப் பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

மிச்சம் இருந்தது நாக்கு. தவளைக்கு நாக்கு முன்பக்கம் ஒட்டியிருக்கிறது, அதனால் வெளியே வீசிப் பிடிக்க முடிகிறது. முதலையின் நாக்கு வாயின் அடித்தளத்தோடு சவ்வால் பிணைந்திருக்கிறது, வெளியே நீட்டவே முடியாது. தாடையால் கவ்வும் விலங்குக்கு நீளும் நாக்கால் பயன் எதுவும் இல்லை. தாடைக்குள் தட்டையாக, தடிப்பாக ஒரு நாக்கைப் பதித்து, அதன் பின்னால் தொண்டையை மறைக்கும் மடிப்பு ஒன்றையும் வைத்தேன். நீருக்கடியில் வாயைத் திறந்தாலும் தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் தடுக்க முதலைக்கு அப்படி ஒரு தடுப்பு இருக்கிறது. அடுத்த விலங்குக்கு இறக்கை வைக்கப் போகிறேன். வௌவாலின் இறக்கையை நாலு விரல்கள் தாங்குகின்றன, அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோசாருடையதை நீண்ட நாலாவது விரல் ஒன்றே தாங்கியது. இரண்டில் எது என்பதைத்தான் இப்போது தாளில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.